பிராயமும் பயிற்சியும்: ஐம்பதுக்கு மேல் ஒரு நெடுந்தூர ஓட்டம்

ஆடி மாதத்தில் சங்கரநாராயண சுவாமி கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும், அரியும் சிவனும் ஓருருவாய்க் காட்சி தரவேண்டுமென்று தவமிருந்த கோமதியம்மனை நினைந்து, சங்கரன்கோவிலிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வாழும் ஆண்களும் பெண்களும் கோயிலை நூற்றெட்டு முறை வலம் வருவதை ஒரு விரதமாக மேற்கொள்ளுகிறார்கள். ஆடிச்சுற்று என்று வழங்கும் இந்தப் பிரதட்சணத்தில் அறுபதையும் எழுபதையும் கடந்த பாட்டிமார் வெறுங்காலோடு, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும், எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொண்டும், வேகமுமின்றித் தயக்கமுமின்றி ஒரே சீராக நடந்துகொண்டிருப்பதைக் காணும் எவருக்கும், மனித சரீரம் வயோதிகத்திலும் எத்தனை தூரம் தாங்கவல்லது என்ற உண்மை வேறு நிரூபணம் இல்லாமலே விளங்கிவிடும். தைப்பூசத்தை ஒட்டித் தென்பாண்டி நாட்டின் பல ஊர்களிலிருந்தும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களிலும் நரைத்த தலைகள் குறைவல்ல. தொலைவைக் காலால் கடக்கும் ஆற்றல் நமக்குப் புதிதாக எவரும் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய பொருளன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு, இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வருவோம்.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், வாலிபத்தில் விளையாட்டு வீரராக இருந்திராதவர், உத்தியோகத்திலோ கடையிலோ தறிக்கூடத்திலோ வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பினால், அந்த விருப்பத்தை நம் குடும்பங்களில் யாரும் எளிதில் ஆதரிப்பதில்லை. இந்த வயதில் இது எதற்கு என்ற கேள்வி மனைவி மக்களிடமிருந்தும் அண்டை அயலாரிடமிருந்தும் வருகிறது. அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, அறியாமையும் இருக்கிறது. முதுமையில் நெடுந்தூரம் ஓடுவது பெரும்பாலோருக்குச் சாத்தியமே என்பதும், அதற்கு வேண்டிய மூலதனம் வேகமன்று, நிதானமும் நியமமுமே என்பதும் இன்று அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் நிலைநாட்டப்பட்டிருக்கின்றன.

தொலைவைப் பற்றி ஒரு தெளிவு முதலில் வேண்டும். முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர், அரை மாரத்தான் அதில் பாதி, அதாவது 21 கிலோமீட்டரும் நூறு மீட்டரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலைக்குப் போகும் வழி ஏறத்தாழ ஓர் அரை மாரத்தான். தென்காசிக்குப் போகும் வழி கிட்டத்தட்ட ஒரு முழு மாரத்தான். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் சுறுசுறுப்பாக நடக்கிறவருக்குக் கூட அரை மாரத்தான் தொலைவு மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்ற மிக மெதுவான ஓட்டத்தில் இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்குள் முடியும். இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கும்போது, தொலைவு என்ற சொல் எழுப்பும் அச்சம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சாதாரண மனிதர்கள் ஆரோக்கியத்துக்காக மெதுவாக ஓடலாம் என்ற எண்ணம் உலகத்தில் பரவிய வரலாறே முதியவர் ஒருவரைச் சுற்றி அமைந்தது. நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து நகரில் நடுவயதுக்காரர்களையும் இருதய நோய் கண்டவர்களையும் திரட்டி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடும்படி பழக்கினார். 1962-இல் அங்கே விருந்தினராக வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தாமும் அந்தக் கூட்டத்தோடு ஓடப் புறப்பட்டு, மூச்சுத் திணறிப் பின்தங்கியபோது, எழுபதைக் கடந்திருந்த ஒருவர், அதுவும் முன்பு இருதய நோயால் துன்புற்றவர், அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு துணையாக ஓடி வந்தார். ஒலிம்பிக் வீரர்களுக்கே பயிற்சி தந்துகொண்டிருந்த பவர்மன் அந்த ஒருநாள் அனுபவத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று, ஓர் இருதய மருத்துவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுத, அதிலிருந்து ஜாகிங் என்னும் பழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவிற்று.

அடுத்து நினைவுகூரத் தக்கவர் எட் விட்லாக். லண்டனில் 1931-இல் பிறந்து, பொறியாளராகக் கனடாவில் குடியேறிய அவர், இளமையில் ஓடிப் பின்பு அடியோடு விட்டுவிட்டு, நாற்பதை ஒட்டிய வயதில் மறுபடியும் ஓடத் தொடங்கினார். எழுபது வயதுக்கு மேல் முழு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர் என்ற பெருமையை 2003-இல் தமது 72-ஆம் வயதில் அடைந்தார். மறு ஆண்டு, 73-ஆம் வயதில், அதையும் மிஞ்சி 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். 2016-இல் 85-ஆம் வயதில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடிமுடித்து, மறு ஆண்டு மார்ச் மாதம் காலமானார். அவர் பயின்ற முறைதான் நமக்கு முக்கியம். விலை உயர்ந்த உபகரணங்களோ பயிற்சியாளரோ இல்லாமல், வீட்டுக்கு அருகில் மரங்கள் அடர்ந்த ஒரு கல்லறைத் தோட்டத்தின் பாதையில், சுற்றுகளை எண்ணாமல், கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரே வழியை மணிக்கணக்காக மெல்ல மெல்லச் சுற்றிச் சுற்றி ஓடினார். உலக சாதனைக்குக் கூடச் சிறு வட்டமும் பெரும் பொறுமையுமே போதுமாயிருந்தன.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் யாவரும் அறிந்த பெயர் பவுஜா சிங். பஞ்சாபில் விவசாயியாக வாழ்ந்த அவர், மகனை இழந்த பெருந்துயரத்தோடு இங்கிலாந்தில் இருந்த காலத்தில், எண்பதுக்கு மேற்பட்ட பிராயத்தில் ஓட்டத்தைத் தஞ்சமடைந்தார். 2000-இல் லண்டன் மாரத்தானில் முதன்முதலாக ஓடியபோது அவருக்கு வயது 89. பாஸ்போர்ட்டில் கண்ட பிறந்த தேதிப்படி நூறு வயது நிறைந்தபின், 2011-இல் டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான காலத்தில் முழு மாரத்தானை நிறைவு செய்தார்; பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் ஏடு அதை ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், அவர் கடந்த தொலைவு அதனால் ஓர் அடியும் குறைந்துவிடவில்லை. ஜப்பானைச் சேர்ந்த மாரிகோ யுகேதா என்னும் ஆசிரியை, அறுபதுக்கு மேல் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் பெண்மணி. சண்டிகரின் மன் கவுர் அம்மையார் 93-ஆம் வயதில் தடகளத்தில் இறங்கி, 101-ஆம் வயதில் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் போட்டியில் நூறு மீட்டர் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். தமிழ்நாட்டில், 2021-இல் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்டவராயிருந்தும், ஐம்பதுக்கு மேல் அரை மாரத்தான்களில் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிறைவு செய்திருக்கிறார். இவர்கள் எல்லாரும் விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிடலாகாது. இவர்களுடைய வேகம் விதிவிலக்காயிருக்கலாம். இவர்கள் பின்பற்றிய அப்பியாச முறையோ யாவருக்கும் பொதுவானது.

அந்த முறையை அறிவதற்கு முன், பிராயம் சரீரத்தில் செய்யும் மாறுதல்களை ஒளிவுமறைவின்றித் தெரிந்துகொள்ளுதல் நலம். ஒரு நிமிடத்தில் சரீரம் உபயோகிக்கக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு, உழைக்காத தேகத்தில் பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைந்துவருகிறது. தொடர்ந்து ஊக்கமாகப் பயிலும் தேகத்தில் அந்தக் குறைவு ஏறத்தாழப் பாதியாக நின்றுவிடுகிறது. இருதயத் துடிப்பின் உச்ச எண்ணிக்கை முப்பது வயதில் நிமிடத்துக்கு 190-ஐ ஒட்டியிருந்தால், அறுபது வயதில் 165-ஐ ஒட்டி இறங்கிவிடும். இது பயிற்சியால் மாறாத இயற்கை. தசைகள் மெலிகின்றன, அவற்றிலும் தொடையும் கெண்டைக்காலும் முதலில் மெலிகின்றன. தாகத்தின் உணர்ச்சி மந்தமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைத்த தசை பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் நீளுகிறது. இருபத்தைந்து வயதில் ஒரே இரவில் தீர்ந்த அசதி ஐம்பத்தைந்தில் இரண்டு நாள் தங்கும்.

இவற்றுள் புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் தவறாமல் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இருதயமும் சுவாசமும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ மாதக்கணக்கில்தான் உரம் பெறுகின்றன. இரண்டாம் மாதத்தில் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்ற உற்சாகத்தில் வேகத்தையும் தொலைவையும் ஒரேயடியாகக் கூட்டுகிறவருக்கு, குதிகாலுக்கு மேலுள்ள நாணிலோ, பாதத்தின் அடியிலோ, முழங்காலிலோ நோவு வந்து, தொடங்கியது அத்தோடு நின்றுபோகிறது. தறியில் பாவு நூலைப் படிப்படியாக இழுத்து இறுக்காமல் ஒரே வெட்டில் இழுத்தால் இழை அறும் என்பதைத் தறி ஓடும் சங்கரன்கோவிலில் ஒரு குழந்தையும் அறியும். நாணின் இயல்பும் அத்தகையதே.

ஓடினால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்ற பயமும் பரவலாக உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பிரைஸ், 1984-இல், ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன ஓட்டக்காரர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும், அவர்களோடு ஒப்பிட ஓடாதவர் நானூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் தேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஆராய்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளின் முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருக்க, ஓடியவர்களில் இறந்தவர்கள் 15 சதவீதமே. அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலையும் ஓட்டக்காரர்களுக்குப் பல்லாண்டுகள் தாமதமாகவே வந்தது. அந்தக் கூட்டத்தாரில் ஒரு பகுதியினரின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்தபோது, ஓடியவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று காணப்படவில்லை. ஏற்கெனவே மூட்டு சேதமுற்றவர்களும் உடல் மிகக் கனத்தவர்களும் மருத்துவர் ஆலோசனையோடு நடையையே மேற்கொள்ளுவது உசிதம். மற்றவர்களுக்கு இந்தப் பயம் அவசியமில்லை.

ஆயினும் ஓடத் தொடங்குமுன் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுவது தவிர்க்கக்கூடாத நியமம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வெளியே தெரியாமல் குடியிருக்கும் பிராயம் இது. இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, குடும்பத்தில் இருதய நோய் இருந்தால் அதையும் சொல்லி, மருத்துவரின் சம்மதத்தோடு இறங்கவேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளுகிறவர்கள், ஓடும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடாமலிருக்க, இனிப்பு ஏதேனும் கையில் வைத்திருக்கவேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நின்று, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மனவுறுதி காட்டுவது வீரமாகாது.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். தை மாதத்தில் நடக்கும் ஓர் அரை மாரத்தானை இலக்காகக் கொண்டால், முந்திய சித்திரையில் தொடங்குவது பிராயத்துக்கு ஏற்ற கால அளவு. சித்திரையிலும் வைகாசியிலும் ஓடவே வேண்டாம்; வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை, சற்று வேகமாக நடந்தால் போதும். கோடையின் உக்கிரத்தில் அதற்கு மேல் கேட்பது சரீரத்துக்கு அநியாயம். ஆனியிலும் ஆடியிலும், மேற்கு மலைகளைத் தாண்டிவரும் காற்று வெப்பத்தைச் சிறிது தணிக்கும் நாட்களில், நடையின் நடுவே ஓட்டத்தைக் கலக்கலாம். ஒரு நிமிடம் ஓடி மூன்று நிமிடம் நடப்பது என்று தொடங்கி, வாரம் செல்லச் செல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். இவ்விதம் ஓட்டத்தையும் நடையையும் முறைவைத்துக் கலப்பதை ஒரு முழுமையான பயிற்சி முறையாக வகுத்துப் பரப்பியவர் ஜெப் காலவே; 1972 ஒலிம்பிக்கில் ஓடியவரே நடப்பதை இழுக்காகக் கருதவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆடிச்சுற்றுச் சுற்றுகிறவர்களுக்கு அந்த வாரத்தில் வேறு பயிற்சி தேவையில்லை. நூற்றெட்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல் பல நாட்களுக்குப் பகிர்ந்துகொண்டால், விரதமும் நிறைவேறும், கால்களும் உறுதிப்படும்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் நடையும் பலப்பயிற்சியும், இரண்டு நாள் முழு ஓய்வு என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம். அந்த மூன்றில் ஒன்று, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, நீண்ட ஓட்டமாக அமையவேண்டும். அதை ஆறு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கூட்டாமல், நான்காவது வாரந்தோறும் தொலைவைக் குறைத்துச் சரீரத்துக்கு ஆறுதல் கொடுத்து, மறுபடி ஏறவேண்டும். ஐப்பசி கார்த்திகையின் அடைமழையில் சில நாட்கள் தவறிப்போனால், தவறியதை ஈடுசெய்ய மறுநாள் இரட்டிப்பாக ஓடலாகாது, தவறியது தவறியதுதான். மார்கழியின் குளிர்ந்த விடியற்காலைகள் நீண்ட ஓட்டத்துக்கு உத்தமமானவை. அந்த மாதத்தின் நடுவில் பதினாறு, பதினெட்டுக் கிலோமீட்டர் வரை ஒன்றிரண்டு முறை சென்றுவிட்டால், பந்தயத் தொலைவு கைக்கெட்டியதாகும். கடைசி இரண்டு வாரத்தில் தொலைவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். அந்த நாட்களில் மேலும் உழைப்பதால் புதிய பலம் ஒன்றும் சேராது. சேர்ந்த பலம் ஓய்வினால்தான் வெளிப்படும்.

வேகத்துக்கு அளவு என்ன என்று கேட்டால், லிடியார்டு காலத்திலிருந்து வழங்கிவரும் விதியே இன்றும் சிறந்தது: கூட ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். சொற்கள் துண்டு துண்டாக வெளிவருமானால் வேகம் அளவுக்கு மிஞ்சிவிட்டது. வாரத்து ஓட்டத்தில் பெரும்பகுதியை இப்படிப் பேசும் வேகத்திலேயே கழித்து, உடல் நன்றாகப் பழகியபின், வாரத்தில் ஒருநாள் மட்டும் சில நிமிடங்கள் சற்று விரைந்து ஓடிப்பார்ப்பது போதுமானது. வாலிபருக்கு வேகப் பயிற்சியால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு முதியவருக்கு இடையறாத தொடர்ச்சியாலேயே கிடைக்கிறது.

ஓட்டத்துக்கு இணையாகப் போற்றவேண்டியது பலப்பயிற்சி. 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப்பேருக்குக் கால்களுக்கான எடைப் பயிற்சி எட்டு வாரம் அளிக்கப்பட்டபோது, அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. தொண்ணூறில் சாத்தியமானது ஐம்பத்தைந்தில் சாத்தியமில்லாமற் போகாது. உடற்பயிற்சிக் கூடம் தேடி அலையவும் வேண்டியதில்லை. நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், படியேறி இறங்குதல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுதல் ஆகிய இவற்றை வாரத்துக்கு இருமுறை சிரத்தையோடு செய்துவந்தால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் காவல் அமையும். தடுக்கி விழுந்து எலும்பு முறிவது முதுமையின் பெரும் ஆபத்து. ஆதலால், ஓடவே விரும்பாதவர்களுக்கும் இந்தப் பயிற்சி அவசியமானது.

உணவில் நாம் செய்யும் குறை, சோற்றை அதிகமாகவும் புரதத்தைக் குறைவாகவும் உண்பது. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் ஒரு கிராம் முதல் ஒன்றேகால் கிராம் வரை புரதம் வேண்டுமென்று வல்லுநர் கூறுகின்றனர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை, தயிர், முட்டை, மீன் என்று நமக்குக் கிடைக்கும் பண்டங்களிலிருந்தே அதை ஈட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்குத் தண்ணீரோடு உப்பும் சிறிது சர்க்கரையும் தேவை. அண்டை ஊரான புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊராகையால், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு நமக்கு எளிதில் அமையும் பானம். தாகம் மந்தமாயிருக்கும் என்று சொன்னேன். அதற்காக வரம்பின்றி வெறும் நீரைக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கமுண்டாகும் அபாயம், மெதுவாக ஓடி நெடுநேரம் களத்தில் இருப்பவர்களுக்கே அதிகம்.

கரிசல் பூமியின் வெயில் தயவு காட்டாதது. ஆகவே விடியுமுன் புறப்படுவதே வழக்கமாகிறது. அந்த நேரத்தின் இருள் வேறோர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. நூறு வயதில் மாரத்தான் ஓடிய பவுஜா சிங், 2025 ஜூலையில், தம் சொந்தக் கிராமத்தருகே சாலையில் நடக்கும்போது வாகனம் மோதி உயிரிழந்தார் என்பதை எவரும் மறக்கலாகாது. லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடுவதைத் தவிர்த்து, பள்ளி மைதானம், குளத்துக்கரை, போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலை ஆகியவற்றை நாடவேண்டும். சாலையைத் தவிர்க்க முடியாதபோது வெளிர்நிறச் சட்டையும் ஒளியைத் திருப்பும் பட்டையும் அணிந்து, எதிரே வரும் வாகனங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக ஓடவேண்டும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடக்கூடாது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நின்றபின் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைவதால், உடலின் பாரத்தைக் காலில் தாங்கும் நடையும் ஓட்டமும் பலப்பயிற்சியும் அவர்களுக்கே அதிகம் தேவை. ஆயினும் சிற்றூர்த் தெருவில் ஐம்பது வயதுப் பெண் ஓடினால் ஊர் வேடிக்கை பார்க்கும் என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது. கோயில் வீதியில் நூற்றெட்டுச் சுற்று நடந்தால் புண்ணியம் என்று போற்றும் அதே ஊர், மைதானத்தில் பத்துச் சுற்று ஓடினால் நகைப்பது நியாயமன்று. நாலைந்து பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து புறப்பட்டால் கூச்சம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். வீட்டில் காலைச் சமையலின் பொறுப்பை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டால் அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் வாய்த்துவிடும்.

பந்தய நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னை, கோயம்புத்தூர், ஆரோவில் முதலிய இடங்களில் ஆண்டுதோறும் நெடுந்தூர ஓட்டங்கள் நடைபெறுகின்றன. நிறைவு செய்ய அனுமதிக்கும் நேரத்தை முன்னரே விசாரித்து, நடந்தும் ஓடியும் முடிக்கப் போதுமானதாக இருப்பதைத் தேர்ந்துகொள்ளவேண்டும். புதுக் காலணியும் பழகாத உணவும் அன்றைக்கு ஆகா. முதல் ஐந்து கிலோமீட்டரில் யார் முந்தினாலும் முந்தட்டும் என்று விட்டுவிட்டு, பழகிய வேகத்திலேயே செல்லவேண்டும். மூத்தோர் தடகளத்தில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. 1975-இல் டொராண்டோவில் முதல் உலக மூத்தோர் தடகளப் போட்டி கண்ட இந்தத் துறையில், இப்போது முப்பத்தைந்து வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவு வகுக்கப்பட்டிருப்பதால், அறுபதாவது பிறந்தநாள் வருகிறவர் ஐம்பதுகளின் பிரிவைவிட்டு அறுபதின் பிரிவில் இளையவராகப் பிரவேசிக்கிறார். வயது கூடுவதை ஆவலோடு எதிர்பார்க்கும்படி செய்யும் ஸ்தாபனம் உலகத்தில் வேறு எது இருக்கிறது!

பதக்கம் பெறுவதைவிடப் பெரிய லாபம், அந்தப் பதக்கத்துக்காகக் கழிந்த ஒன்பது மாதங்களில் இருக்கிறது. வேளைக்கு எழுந்து, வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, தன் மூச்சைத் தானே கவனித்து, இன்று இவ்வளவு போதும் என்று நிறுத்தவும், இன்று சோம்பல் கூடாது என்று புறப்படவும் பழகிய மனிதர், தம் முதுமையின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டவராகிறார். பேரப்பிள்ளையைத் தூக்குவதும், மாடிப்படி ஏறுவதும், பேருந்தில் நின்று பயணம் செய்வதும், எழுபதிலும் எண்பதிலும் பிறர் கையை எதிர்பாராமல் நடமாடுவதும் அந்த அப்பியாசத்தின் மெய்யான பரிசுகள்.

இதற்குத் தனிமனிதரின் சங்கற்பத்தோடு ஊராரின் ஒத்துழைப்பும் வேண்டும். 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்ற பெயரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அரசு வகுத்தது. அந்த எண்ணம் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் சங்கரன்கோவிலைப் போன்ற நகராட்சிகளுக்கும் பரவவேண்டும். பள்ளி மைதானங்களின் கதவுகளைக் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை முதியவர்களுக்குத் திறந்துவைப்பதும், நடைபாதையில் நான்கு விளக்குகள் போடுவதும், குளத்துக்கரை ஒன்றைச் சமன்செய்து குப்பையின்றிக் காப்பதும் பெரும் பொருட்செலவு வேண்டாத காரியங்கள். பொறுப்பிலுள்ளவர்கள் அவற்றைச் செய்து தருவார்களாக. அதுவரையில் காத்திராமல், இதை வாசிக்கும் ஐம்பது வயதுக்காரர் நாளைக் காலையிலேயே அரைமணி நேரம் நடந்துவிட்டு, இந்த வாரத்துக்குள் மருத்துவரையும் பார்த்துவிடுவாராக. அடுத்த தை மாதத்துப் பந்தயத்துக்கு அவ்வளவே ஆரம்பம்.